பிரிந்தபின் பேச வேண்டியவை: குடும்பத் தகராறுகளில் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு தீர்வு

கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கிய பிறகு அவர்களுக்கிடையே எஞ்சுபவை பெரும்பாலும் சில கேள்விகளே. குழந்தை யாரிடம் வளர்வது, ஜீவனாம்சம் எவ்வளவு, போட்ட நகை எங்கே, வீட்டுக் கடனை யார் கட்டுவது, மணமுறிவுக்கு எப்போது மனுப் போடுவது. இவற்றை வழக்காக இழுக்காமல் பேசித் தீர்க்கலாம் என்பதைச் சட்டத்துறையில் இன்று மறுப்பவர்கள் குறைவு. எதைப் பேசுவது என்பதில்தான் குழப்பம். நம் சட்டங்களும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் மீண்டும் சேர்த்துவைப்பதன் பக்கமே சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வு நீங்காத வரை, பிரிந்தவர்களுக்கான சமரசம் பணமும் தகவலும் இல்லாத தரப்புக்கு, அதாவது பெரும்பாலும் மனைவிக்கு, நட்டத்திலேயே முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் எழுத்திலேயே இந்தச் சாய்வைக் காணலாம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், நிவாரணம் வழங்கும் முன் தம்பதியரை இணக்கப்படுத்த இயன்றவரை முயல்வதை 23(2)ஆம் பிரிவில் நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு இன்னும் விரிவானது. வழக்கின் பொருள் எதுவோ அதில் உடன்பாடு காண நீதிமன்றம் உதவ வேண்டும் என்கிறது அது. சேர்ந்து வாழ்வதற்கான உடன்பாடும் பிரிந்து வாழ்வதற்கான உடன்பாடும் அதில் அடங்கும். ஆயினும் நடைமுறையில் இரண்டாவது பின்னுக்குப் போய்விடுகிறது. சேர்ந்து வாழ விருப்பமா என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த வாய்தாவிலும் அதே கேள்வி வரும். பிரிவு முடிந்துபோன ஒன்று என்று ஏற்றுக்கொண்டு, இனி எப்படி என்று பேசத் தொடங்குவதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். அதற்குள் சேமிப்பும் பொறுமையும் கரைந்த ஒருவர் எதற்கும் கையெழுத்திடத் தயாராக இருப்பார்.

நீதிமன்றப் படியேறும் முன்பே பல பெண்கள் வேறு வாசல்களைப் பார்த்திருப்பார்கள். இரு வீட்டுப் பெரியவர்கள் கூடிய பேச்சு, சாதிச் சங்கமோ ஜமாத்தோ நடத்திய விசாரணை, பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண்கள் தயங்காமல் புகார் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, இரு தரப்பையும் வரவழைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அந்தத் தாளில் கணவன் இனி அடிக்க மாட்டேன் என்றும், மனைவி இனி அனுசரித்துப் போவேன் என்றும் எழுதியிருப்பார்கள். அடித்ததையும் அனுசரிக்காததையும் ஒரே தராசில் வைக்கும் எந்தப் பேச்சையும் என்னால் சமரசமாக ஏற்க முடியவில்லை.

இன்னும் ஆபத்தானது முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் பிரிவு. நோட்டரி முன் இருவரும் கையெழுத்திட்டு, சீர்ப் பொருளைத் திருப்பி வாங்கி, இனி ஒருவருக்கு ஒருவர் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29(2)ஆம் பிரிவு வழக்காற்று மணமுறிவைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்காறு தம் சமூகத்தில் உண்டென்று நிரூபிக்கும் பொறுப்பு அதை நாடுபவருடையது. நிரூபிக்க இயலாதபோது அந்தத் தாள் திருமணத்தை முறிக்காது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு இரண்டாவது திருமணம் செல்லாததாகிவிடும். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம், தலாக் குறித்துக் காஜிகள் தரும் சான்றிதழ்கள் வெறும் கருத்துகளே, அவற்றுக்குச் சட்ட வலு இல்லை என்று சொன்னதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாட்டை எட்டலாம். அந்த உடன்பாடு சட்டம் அறிந்த ஒரு வடிவத்துக்குள் வந்து சேர்ந்தாக வேண்டும்.

அத்தகைய வடிவங்கள் இப்போது இருக்கின்றன. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கப்பட்ட சமரச தீர்வு மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரசத்தில் நாட்டுக்கே முன்னோடி. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மணவாழ்க்கை வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்புமாறு குடும்ப நீதிமன்றங்களைப் பணித்ததுடன், வழக்குக்கு முந்தைய கட்டத்திலேயே தம்பதியர் வந்து பேச சமரச மையங்கள் வழிசெய்ய வேண்டும் என்றும் சொன்னது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவானாலும், பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும் உடன்பாடு தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டமும் உடன்பாட்டுக்கு அதே வலுவைத் தர வகைசெய்கிறது. ஏமாற்று, ஊழல், ஆள்மாறாட்டம் போன்ற மிகச் சில காரணங்களுக்காக மட்டுமே அந்த உடன்பாட்டை எதிர்க்க இயலும்.

இந்த உறுதித்தன்மையே என் கவலைக்குக் காரணம். மேல்முறையீடு இல்லாத ஓர் உடன்பாட்டில் கையெழுத்திடுபவருக்கு, எதிர்த்தரப்பின் வருமானம் தெரிந்திருக்க வேண்டாமா? கணவரின் சம்பளப் பட்டியலைப் பார்த்தே இராத மனைவியர் ஏராளம். வருங்கால வைப்பு நிதி, ஊரில் உள்ள கூட்டு நிலம், தம்பி பெயரில் நடக்கும் கடை, நகைக்கடன், சீட்டு என எதுவும் தெரியாமல் மொத்தத் தொகைக்கு ஒத்துக்கொள்பவர் பேரம் பேசவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். நம் நாட்டில் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தைத் தம்பதியரிடையே பிரிக்கப் பொதுச் சட்டம் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்வதற்கான பங்களிப்பே என்று தீர்ப்பளித்தபோது அந்த வெறுமை வெளிப்பட்டது. சட்டம் பங்கு வகுக்காத இடத்தில் பேச்சு வகுக்கலாம். அதற்குப் பங்கிட என்ன இருக்கிறது என்பது மேசைமேல் வந்தாக வேண்டும்.

அதற்கான கருவியும் தயாராக உள்ளது. 2020 நவம்பர் 4 அன்று, ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி அமர்வு, இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் வெளிப்படுத்தும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன் படிவம் தீர்ப்புடனேயே இணைக்கப்பட்டிருக்கிறது. விவசாயத்தில் இருப்பவர்களுக்குத் தனிப் படிவமும் உண்டு. வழக்கு நடத்துபவர்களுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, வழக்கு வேண்டாம் என்று பேச வருபவர்களுக்குக் கிடைக்காமல் போவது நியாயமில்லை. சமரசம் இரகசியமானது என்ற வாதம் இங்கே பொருந்தாது. அறைக்குள் பேசியது வெளியே போகக்கூடாது என்பதற்காக, அறைக்குள்ளேயே ஒருவர் இருட்டில் உட்கார வேண்டியதில்லை.

தொகையை ஒரேயடியாக முடித்துவிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழ் நடந்த சமரசத்தில் 8,000 ரூபாய் பெற்றுக்கொண்டு இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று மனைவி ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஒப்புதல், 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் அவர் மீண்டும் கோருவதைத் தடுக்காது என்றது நீதிமன்றம். சரியான தீர்ப்பு. ஆயினும் சமரசம் ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் பெண் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் பேச்சுக்கு நிகராக நீதிமன்றம் எதையும் தர முடியாது. மாதம் இரண்டு சனிக்கிழமைகள், நீதிமன்ற வளாகத்தில், இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை என்று ஓர் ஆணை சொல்லும். காக்கிச் சட்டைகளுக்கும் கோப்புக் கட்டுகளுக்கும் நடுவே அப்பாவைப் பார்க்கும் பிள்ளைக்கு அது சந்திப்பாக இருப்பதில்லை. பேசித் தீர்ப்பவர்களால் பொங்கல் யார் வீட்டில், கோடை விடுமுறையில் ஆத்தா ஊருக்கு யார் கூட்டிப்போவது, பள்ளிக் கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு, மறுமணமானால் என்ன என்பதுவரை எழுதிக்கொள்ள முடியும். பிள்ளையின் நலன் மாறும்போது ஏற்பாட்டையும் மாற்றலாம். பெற்றோரின் ஒப்பந்தம் அதில் இறுதிச் சொல் ஆகாது.

அடி உதை இருந்த குடும்பங்களில் முதற்கேள்வியே வேறு: அவர்களைச் சமரசத்தில் உட்காரவைக்கலாமா என்பது. ஆஸ்திரேலியாவில் 2006ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின், குழந்தை குறித்த ஆணை கேட்கும் முன் சமரசத்துக்கு முயன்றதாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். குடும்ப வன்முறை இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. இந்தத் தம்பதிக்குச் சமரசம் பொருந்தாது என்றே சமரசர் சான்றளிக்கவும் முடியும். நம்மிடமும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்பு விதிகளில் 14ஆம் விதி, ஆலோசனையின்போது வன்முறைக்கு எந்த நியாயமும் கற்பிக்க எதிர்மனுதாரரை அனுமதிக்கக்கூடாது என்கிறது. நம் குடும்பச் சட்ட விதிகளில் இதைப்போல் தெளிவான வரிகள் அரிது. அது ஒவ்வொரு சமரச அறையின் சுவரிலும் எழுதப்பட வேண்டிய வரி.

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவைப்படாது. உடன்பாட்டுக்கு உதவும் நடைமுறையை வகுக்கக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. பிரிந்து வாழ முடிவெடுத்தேன் என்று இருவரில் ஒருவர் சொல்லிவிட்டால் சேர்த்துவைக்கும் முயற்சியை ஓர் அமர்வோடு நிறுத்துவது. முதல் அமர்வில் இருவரையும் தனித்தனியே அழைத்து வன்முறை குறித்துக் கேட்பது. சொத்துப் பிரமாணப் பத்திரம் வராமல் தொகையைப் பேசாதிருப்பது. வழக்கறிஞர் இல்லாத தரப்புக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரைக் கையெழுத்துக்கு முன்பே அமர்த்துவது. இந்த நான்கையும் சென்னை உயர் நீதிமன்றம் விதியாக்கலாம். 2005இல் வழிகாட்டிய அதே வளாகத்திலிருந்து அதை எதிர்பார்ப்பது அதிகமில்லை.