மூன்று கால்களின் வரலாறு

புதுடில்லியின் தென்பகுதியில் உள்ள கிட்வாய் நகர், சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராக விளங்கிய ரஃபி அகமது கிட்வாயின் பெயர் பூண்டது. அவர் மறைந்த ஆண்டு 1954. அதே ஆண்டில்தான் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தோன்றியது. அமெரிக்காவில், நான்கு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கொண்ட ‘ரீஜென்சி’ என்னும் கையடக்க வானொலியும் வெளிவந்தது. பின்னாளில் உத்தியோக நிமித்தம் இத்தகைய அரசாங்கக் குடியிருப்புகளில் வந்து தங்கிய நம்மவர் பலர், சிற்றலையில் தமிழொலி கேட்க நாடியது அந்த டிரான்சிஸ்டர் பெட்டியைத்தான். இன்று கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகள் மறைந்து மாடமாளிகைகள் எழுந்துவிட்டன. ஆயினும் பரணிலிருந்து இறங்கிய பழைய பெட்டிகளை நம்மில் சிலர் இன்னும் போற்றி வைத்திருக்கிறோம். அவற்றைப் பழுது பார்க்கப் புகுவோர் முதலில் அறியவேண்டியது, டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுள் எது எது என்பதே.

அக்கால்களின் பெயர்களிலேயே வரலாறு பொதிந்துள்ளது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெயினும் ஒரு ஜெர்மானியத் துண்டின்மேல் இரு பொன்முனைகளை அழுத்தி வைத்து, முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அடியில் கிடந்த துண்டு ‘பேஸ்’, அதாவது அடிவாய். மின்னூட்டத்தைச் செலுத்திய முனை ‘எமிட்டர்’ என்னும் உமிழ்ப்பான். அதைத் திரட்டிக்கொண்ட முனை ‘கலெக்டர்’ என்னும் ஏற்பான். வரி திரட்டும் ஜில்லா கலெக்டரை நினைத்துக்கொண்டால் இப்பெயர் மறவாது. பிற்காலத்தில் அமைப்பு முற்றும் மாறியபோதும், பெயர்கள் மாறவில்லை.

கால்களின் வரிசையோ எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக அமையவில்லை. ஆகவே அடையாளக் குறிகளைப் படிக்கக் கற்கவேண்டும். மல்லார்டு, பிலிப்ஸ் நிறுவனங்களின் ஓசி 71 என்னும் வகை, கறுப்பு வர்ணம் பூசிய கண்ணாடிக் குமிழ். அதில் புள்ளியிட்ட பக்கம் கலெக்டர், நடுவில் பேஸ், மறுகோடியில் எமிட்டர். கலெக்டர் கால் சற்று விலகி நிற்பதும் ஓர் அடையாளம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உற்பத்தியைத் தொடங்கியது. நம் நாட்டுப் பெட்டிகளில் மிகுதியாகக் காணும் ஏசி 128இலும் புள்ளியை அடுத்த கால் கலெக்டரே. இப்பெயரின் முதலெழுத்தான ‘ஏ’ ஜெர்மானியத்தைக் குறிப்பது. ஏஎஃப் 115 முதலியவற்றுக்கோ நான்கு கால்கள் உண்டு. தனித்து நிற்பது கலெக்டர். அதை அடுத்தது உலோக உறையோடு இணைந்த காப்புக்கால். அதன்பின் பேஸ், எமிட்டர்.

புள்ளி அழிந்திருந்தால் மீட்டர் துணைபுரியும். இவ்வகைகளுட் பெரும்பாலானவை பிஎன்பி இனத்தவை. டிஜிட்டல் மீட்டரை டயோடு அளவையில் வைத்து, கறுப்பு முனையை ஒரு காலிலும் சிவப்பு முனையை மற்ற இரண்டிலும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கவேண்டும். இரண்டிலும் 0.2 வோல்ட்டை ஒட்டிய அளவு தோன்றினால் கறுப்பு முனை நிற்கும் கால் பேஸ். சிலிக்கான் ஆயின் 0.6 வோல்ட்டளவு தோன்றும். எமிட்டரும் கலெக்டரும் இச்சோதனையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தென்படும். அவற்றை இடம் மாற்றி, மின்பெருக்கத்தை அளந்து பார்க்கவேண்டும். பெருக்கம் மிகுந்து நிற்கும் நிலையே சரியானது.

இத்துணை எச்சரிக்கை எதற்கு எனலாம். ஜெர்மானியம் வெப்பத்தைத் தாங்காது. ஓசி 71க்கு உட்பகுதியின் வெப்ப எல்லை 75 பாகையே. ஈயப்பற்றோ அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட சூட்டில்தான் உருகும். தவறான காலில் பற்றவைத்துப் பின்னர் கழற்றி மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறைகிறது. சிலிக்கான் இடம்பிடித்த பின்னர் இவற்றின் உற்பத்தி அருகிவிட்டது. கெட்டதற்கு ஈடாக அசல் உறுப்பைத் தேடிப் பெறுதல் எளிதன்று. ஆதலின், கழற்றுமுன் மூன்று கால்களின் இடத்தையும் தாளில் வரைந்துகொள்க. பற்றவைக்கும்போது குறடு ஒன்றால் காலைப் பற்றிக்கொண்டால், சூடு குறட்டில் இறங்கிவிடும். பிறகு பெட்டியில் மின்கலத்தைப் பொருத்தி, அலைவரிசைத் திருகை மெல்லத் திருப்பிப் பார்க்கலாம்.