குடிமையியலின் தேய்வு: அமெரிக்கப் பள்ளிகளில் விவாதம் விடைபெற்ற வரலாறு

2018 நவம்பரில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அரசுப் பள்ளி மாணவர்கள் சிலரும் அவர்தம் பெற்றோரும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கொன்று தொடுத்தனர். வாக்களிப்பதற்கும், ஜூரியாக அமர்வதற்கும், பொது வாழ்வில் பங்கேற்பதற்கும் வேண்டிய கல்வியை மாநிலம் தமக்கு அளிக்கவில்லை என்பது அவர்களது முறையீடு. 2020-இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசமைப்பில் கல்வி என்னும் சொல்லே இல்லை. கல்வி ஓர் அடிப்படை உரிமையன்று என 1973-ஆம் ஆண்டின் ரோட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. எனினும், குடிமக்களை உருவாக்குவதையே தன் முதற்பணியாகச் சொல்லித் தோன்றிய ஒரு பள்ளி அமைப்பின் மீது இத்தகைய வழக்கு எழுந்தது எவ்வாறு என்பது வரலாற்று மாணவர்கள் ஆராய வேண்டிய வினாவாகும்.

1837-இல் மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் முதல் செயலராகப் பொறுப்பேற்ற ஹொரேஸ் மான், பிறர் பிள்ளைகளின் கல்விக்கும் எல்லோரும் வரி செலுத்த வேண்டியதன் நியாயத்தை மக்களாட்சியின் தேவையிலேயே கண்டார். தன்னைத் தானே ஆளும் மக்களுக்கு அறிவு இன்றியமையாதது என்பதே அவரது வாதத்தின் அடித்தளம். இந்நோக்கம் முறையான பாடத்திட்டமாக உருப்பெற்றது 1916-இல். தேசியக் கல்விச் சங்கத்தின் குழு அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கை, ஒன்பதாம் வகுப்பிற்குச் சமுதாயக் குடிமையியலையும் பன்னிரண்டாம் வகுப்பிற்கு ‘மக்களாட்சியின் சிக்கல்கள்’ என்னும் பாடத்தையும் பரிந்துரைத்தது. அறிக்கையைத் தொகுத்த ஆர்தர் டன், அரசாங்க உறுப்புகளின் பெயர்களை மனனம் செய்வதினும் தம் ஊரின் சுகாதாரம், பாதுகாப்பு, பொது நலன் ஆகியவற்றை மாணவர் ஆராய்வதே முதன்மை எனக் கருதியவர். அம்பேத்கருக்குக் கொலம்பியாவில் ஆசிரியராக விளங்கிய ஜான் டூயி மக்களாட்சியும் கல்வியும் பற்றிய தம் நூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

இக்காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுதல் பிழையாகும். 1916-ஆம் ஆண்டுக் குழுவின் தலைவர் தாமஸ் ஜெஸ்ஸி ஜோன்ஸ், சமூகக் கல்வியை முன்னதாக ஹாம்ப்டன் நிறுவனத்தில் கறுப்பின மாணவர்க்கும் பூர்வகுடி மாணவர்க்கும் கற்பித்தவர். அங்கு அது உரிமை கோரும் கல்வியாக அன்றி, இருக்கும் ஒழுங்கிற்கு இசைந்து பொறுமை காக்கும் கல்வியாகவே இருந்தது. தென் மாநிலங்களில் வாக்குரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு மெய்யான குடிமையியல் பள்ளிக்கு வெளியே பிறந்தது. 1957-இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், மளிகைக் கடை ஒன்றின் பின்னறையில் குடியுரிமைப் பள்ளி தொடங்கிற்று. செப்டிமா கிளார்க் அதன் கல்விமுறையை வகுத்தார்; பெர்னிஸ் ராபின்சன் அதன் முதல் ஆசிரியர். வாக்காளர் பதிவிற்குத் தடையாக நின்ற எழுத்தறிவுத் தேர்வை வெல்ல முதியோர் அங்கே எழுத்தும் அரசமைப்பும் ஒருசேரக் கற்றனர். 1964-இல் மிசிசிப்பியின் விடுதலைப் பள்ளிகள் இம்மரபைத் தொடர்ந்தன.

அரசுப் பள்ளிகளிலோ விவாதம் அதற்கு முன்பே ஒடுங்கத் தொடங்கியிருந்தது. 1930-களில் பல்லாயிரம் பள்ளிகளில் பயிலப்பட்ட ஹெரால்டு ரக்கின் சமூகக் கல்விப் பாடநூல்கள், ஏற்றத்தாழ்வையும் விளம்பரத் தொழிலையும் வினாவுக்கு உட்படுத்தின. அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாள் படைவீரர் அமைப்பும் வணிக அமைப்புகளும் அவற்றைத் தேசவிரோதம் எனச் சாடின. 1940-களில் அந்நூல்கள் வகுப்பறைகளிலிருந்து பெரும்பாலும் மறைந்தன. சர்ச்சைக்குரிய பொருளைத் தொடுவதினும் தவிர்ப்பதே நலம் என்னும் பாடத்தைப் பதிப்பாளர்கள் அப்போது கற்றுக்கொண்டனர்.

அதன்பின் பள்ளியின் நோக்கமே படிப்படியாக மாறிற்று. 1957-இல் ஸ்புட்னிக் விண்ணேகியதும், மறு ஆண்டே இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அறிவியல், கணிதம், அயல்மொழி ஆகியவற்றுக்கு நிதி வழங்கிற்று. 1983-ஆம் ஆண்டின் ‘இடருக்குள்ளான தேசம்’ என்னும் அறிக்கை, பள்ளிகளின் தாழ்வை முதன்மையாகப் பொருளாதாரப் போட்டியின் மொழியில் விளக்கிற்று. 2002 ஜனவரியில் கையொப்பமான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ சட்டம் மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வைக் கட்டாயமாக்கிற்று. பள்ளியின் மதிப்பு அத்தேர்வுகளைச் சார்ந்ததால், தேர்வில் இல்லாத குடிமையியலின் பாடவேளை சுருங்கிற்று. 1960-கள் வரை மூன்று பாடங்களாகப் பரவலாகக் கற்பிக்கப்பட்ட ஒன்று, பல இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பின் ஒரேயொரு பருவப் பாடமாகக் குறுகியது.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2022-ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணவருள் 22 விழுக்காட்டினரே குடிமையியலில் தேர்ச்சி நிலையை எட்டினர். 1998-க்குப் பின் சராசரி மதிப்பெண் சரிந்தது அதுவே முதன்முறை. ஆயினும் 1998-இலும் தேர்ச்சி விழுக்காடு இதே 22 என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. சரிவு திடீரென வந்ததன்று. நெடுங்காலத் தேக்கம் அதற்கு முன்னரே குடியிருந்தது.

மீட்பு முயற்சிகளும் உள்ளன. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வுக்குப் பின் 2009-இல் இணையவழிக் குடிமைக் கல்விக்கென ஐசிவிக்ஸ் அமைப்பை நிறுவினார். 2015-இல் அரிசோனா, குடியேறுவோர்க்கான குடியுரிமைத் தேர்வின் வினாக்களைப் பள்ளி நிறைவிற்கான நிபந்தனையாக்கிற்று. வேறு பல மாநிலங்களும் அவ்வழி சென்றன. ஆனால் செனட்டர்களின் எண்ணிக்கையை நினைவில் வைத்திருத்தல் வேறு, ஒரு செனட்டரிடம் கேள்வி எழுப்பும் திறன் வேறு. 2021-இல் டெக்சாஸ் இயற்றிய சட்டமோ, கொள்கை மாற்றம் கோரி மக்கள் பிரதிநிதிகளை மாணவர் அணுகும் செயலுக்குப் பாட மதிப்பெண் வழங்குவதையே தடுத்தது. டன் வகுத்த ஊராய்வு மரபிலிருந்து அந்நாடு வந்து சேர்ந்துள்ள தொலைவை இச்சட்டம் ஒன்றே காட்டும்.

ஆகவே, குடிமையியல் வெறும் மறதியால் தேயவில்லை. அதன் உயிராகிய விவாதம் முதலில் அகற்றப்பட்டது. எஞ்சிய தகவல் தொகுப்பு வாசிப்போடும் கணிதத்தோடும் போட்டியிட இயலாமல் ஒதுங்கிற்று. பாடவேளையைக் கூட்டுவது மட்டும் அதனை மீட்காது. ரோட் ஐலண்ட் மாணவர்கள் வழக்கில் தோற்றபின்னும், மாநிலக் கல்வித் துறை 2022-இல் அவர்களுடன் உடன்பாடு கண்டு குடிமைக் கல்விக்கெனப் பணிக்குழு அமைக்க இசைந்தது. மனு எழுதுதல், சான்று திரட்டுதல், அதிகாரத்திடம் காரணம் கேட்டல், தோல்விக்குப் பின்னும் பேச்சைத் தொடர்தல் ஆகிய அனைத்தையும் அவர்கள் அவ்வழக்கின் வழியாகவே பயின்றனர். தம் வகுப்பறை அளிக்கத் தவறியது என அவர்கள் முறையிட்ட பாடமும் அதுவே.