மாணவர் வங்கிக் கணக்கும் குறைந்தபட்ச இருப்பும்: சேலம், நாமக்கல் மாவட்டங்கள்

சேமிப்புக் கணக்கில் விட்டுவைக்க வேண்டும் என்று வங்கி விதிக்கும் தொகையே குறைந்தபட்ச இருப்பு. பேச்சில் இது ‘மினிமம் பேலன்ஸ்’. கணக்குத் திறக்கும் அன்று கட்டும் தொடக்கத் தொகை வேறு; அதை ஒருமுறை கட்டினால் போதும். இருப்பு நிபந்தனையோ கணக்கு உள்ளவரை தொடரும். இருப்பு குறைந்தால் வங்கி அபராதம் பிடிக்கும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். இன்றைய விதிகளின்படி இந்தியாவில் எந்த மாணவரும் இருப்பு எதுவும் வைக்காமலே கணக்கு நடத்த முடியும். அப்படியிருந்தும் மாணவர்களின் பணம் பிடிக்கப்படுகிறது என்றால், அவர்களுக்குப் பொருந்தாத வகைக் கணக்கு அவர்கள் கையில் தரப்பட்டிருக்கிறது என்று பொருள். இக்கட்டுரை அதைத்தான் விளக்குகிறது.

சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமானது. இரண்டுக்கும் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. அது ஆதரவு வங்கியாக இருக்கும் தமிழ்நாடு கிராம வங்கியின் தலைமையகமும் சேலத்தில்தான் உள்ளது. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் இணைந்து 2019 ஏப்ரல் 1 அன்று அது உருவானது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள், லாரிப் பட்டறைகள் ஆகியவற்றில் கூலிக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும் வட்டாரம் இது. இவர்களில் பலரின் கணக்குக்கு மாதந்தோறும் வரும் பெரிய வரவு அரசு தரும் 1,000 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் தேறியவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது.

முந்தைய தலைமுறைக்குப் பள்ளிச் சேமிப்பு என்றால் சஞ்சயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டமும் அஞ்சலகப் பாஸ்புக்கும்தான். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வெகுகாலம் 50 ரூபாய் இருந்தாலே போதுமானதாக இருந்தது. 2019 டிசம்பரில் அது 500 ஆக உயர்ந்தது. நிதியாண்டு முடிவில் 500-க்குக் கீழே இருந்தால் பராமரிப்புக் கட்டணம் பிடிப்பார்கள். இருப்பு முழுவதும் கரைந்தால் கணக்கே மூடப்படும்.

ஊருக்கு ஊர் மாறும் தொகை

வங்கிகள் இருப்புத் தொகையைக் கிளை இருக்கும் ஊரின் மக்கள்தொகையை வைத்து வகுக்கின்றன. 10,000 பேருக்குக் கீழ் இருந்தால் கிராமம், ஒரு லட்சத்துக்குக் கீழ் சிறு நகரம், 10 லட்சத்துக்குக் கீழ் நகரம், அதற்கு மேல் பெருநகரம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகரில் 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஆகவே அது நகரம். திருச்செங்கோட்டில் ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவு. ராசிபுரம், ஆத்தூர் இரண்டும் அதைவிடச் சிறியவை. இவை சிறு நகர வகையில் வரும். ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரலில் இந்த நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தபோது கிராமக் கிளைக்கு 1,000, சிறு நகரத்துக்கு 2,000, நகரத்துக்கு 3,000, பெருநகரத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தது. மாணவரின் வீடு எங்கே இருக்கிறது என்பது இதில் கணக்கில்லை. கல்லூரிக்குப் பக்கத்தில் என்று சேலத்தில் கணக்குத் திறந்த கிராமத்துப் பெண், ஊர்க் கிளையில் திறந்திருந்தால் வைத்திருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு வைத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிறார், ஓய்வூதியர், அரசு உதவி பெறுவோர் கணக்குகளுக்கு அந்த வங்கி விலக்கு அளித்தது.

பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாதச் சராசரியை. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாள்களால் வகுப்பார்கள். 1,000 ரூபாய் சராசரி வேண்டிய கணக்கில் 30 நாள் மாதம் ஒன்றில் 10,000 ரூபாய் மூன்று நாள் இருந்து, மீதி 27 நாள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நிபந்தனை நிறைவேறிவிடும். உதவித்தொகை 1,000 ரூபாய் வந்த மறுநாளே பேருந்துக்கும் புத்தகத்துக்கும் எடுத்துவிடும் மாணவியின் சராசரியோ 50 ரூபாயைக்கூடத் தொடாது. செலவுக்கென்று தரப்படும் பணத்தைச் செலவழித்ததற்காக அபராதம் விதிப்பது உதவித்தொகையின் நோக்கத்துக்கே எதிரானது.

இருப்பு கேட்காத கணக்கு

இதற்கு வழி 2012-லேயே பிறந்துவிட்டது. 2005-இல் அறிமுகமான எளிய கணக்குகளை ரிசர்வ் வங்கி 2012 ஆகஸ்ட் 10 அன்று அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றியது. இதில் இருப்பு எதுவும் தேவையில்லை, ஏடிஎம் அட்டைக்குக் கட்டணம் இல்லை, மாதம் நான்கு முறை பணம் எடுக்கலாம். வயது, வருமானம் என்று எந்தத் தடையும் வங்கி வைக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள சாதாரணக் கணக்கையும் எழுதிக் கேட்டு இந்த வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அந்த வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் கணக்கும் இந்த வகையே. பத்து வயது நிரம்பியவர் திறக்கலாம். கிளையில் ‘ஜீரோ பேலன்ஸ் கணக்கு’ என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள்.

சிக்கல் பெரும்பாலும் பதினெட்டு வயதில் வருகிறது. சிறார் கணக்கு அந்த வயதோடு முடிந்து, புதிய கையொப்பமும் ஆவணங்களும் பெற்றுப் பெரியவர் கணக்காக மாறுகிறது. மாறும்போது அது இருப்பு கேட்கும் சாதாரண வகையில் போய் விழக்கூடும். பிளஸ் டூ முடித்து முதலாண்டு சேர்ந்து, 1,000 ரூபாய் வரத் தொடங்கும் பருவமும் அதுவே. பள்ளியில் ஆசிரியர் முன்னின்று திறந்து கொடுத்த கணக்கு கல்லூரியில் எந்த வகையாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அப்போது யாரும் இருப்பதில்லை. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் கணக்கு வகையைப் படித்துக் காட்டுவது கல்லூரி அலுவலகம் செய்யக்கூடிய சிறிய வேலை, பெரிய உதவி.

இன்னொரு சிக்கல் ஆதார் இணைப்பு. ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம் கடைசியாக ஆதாரோடு இணைத்த வங்கிக்கே போகும். சேர்க்கை நேரத்தில் கல்லூரி ஏற்பாட்டில் தனியார் வங்கியில் புதுக்கணக்குத் திறந்து, படிவத்தில் ஆதார் இணைப்புக்கும் கையொப்பமிட்டால், ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை அங்கே திரும்பிவிடும். அதில் இருப்பு நிபந்தனை இருந்தால் பிடித்தமும் தொடங்கும்.

அபராதத்துக்கான வரம்பு

2014 நவம்பர் 20 சுற்றறிக்கை வழியாக ரிசர்வ் வங்கி இட்ட விதிகள் 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இருப்பு குறைந்தால் முதலில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பவே கட்டணம் இருக்க வேண்டும். கட்டணத்தால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. இயக்கமற்ற கணக்கில் இந்த அபராதமே விதிக்கக் கூடாது.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக வந்த 1,000 ரூபாயில் சில வங்கிகள் பிடித்தம் செய்தபோது, அப்படிச் செய்யக் கூடாது என்று மாநில நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரித்தார். அம்மாவின் கணக்கில் நடந்தது மகளின் கணக்கிலும் நடக்கக்கூடியதே. 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதமாக வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

அதன்பின் நிலைமை மாறியது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் நிபந்தனையை நீக்கியிருந்தது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதலும் அபராதத்தைக் கைவிட்டன. இவ்வட்டார மாணவர்களுக்கு இந்தியன் வங்கியின் முடிவு பெரிய ஆறுதல். தனியார் வங்கிகளின் போக்கு வேறு. ஐசிஐசிஐ வங்கி 2025 ஆகஸ்டில் புதிய நகரக் கணக்குகளுக்கு 50,000 ரூபாய் என்று உயர்த்தி, எதிர்ப்பு எழுந்ததும் 15,000 ஆகக் குறைத்தது. இருப்பை முடிவுசெய்வது அந்தந்த வங்கியின் உரிமை என்பதே ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவின் நிலைப்பாடு.

தவறாகப் பணம் பிடிக்கப்பட்ட மாணவர் முதலில் கிளையில் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். இதற்குக் கட்டணம் கிடையாது.