நிரலாளர் அரட்டையும் புதியவர் உதவியும்

நிரல் எழுதுவோர் வேலைக்கு இடையிலும் வேலை முடிந்த பின்னும் குறித்த நோக்கமின்றித் தமக்குள் பேசிக்கொள்வது நிரலாளர் அரட்டை. நிரலாக்கம் கற்கத் தொடங்கியவர் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் அனுபவமுள்ளவர் கைகொடுப்பது புதியவர் உதவி. பெரும்பாலான நிரலாக்கச் சமூகங்கள் இவ்விரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்திருக்கின்றன. ஒன்று பணி, மற்றது பொழுதுபோக்கு என்பது அவற்றின் கணக்கு. இந்தப் பிரிவினைக்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு. கணிப்பொறிக் கூடங்கள் தோன்றிய காலம் தொட்டுக் கிடைக்கும் பதிவுகளைப் பார்த்தால், உதவி பெரும்பாலும் அரட்டையின் வழியாகவே நடந்திருக்கிறது. அரட்டையை ஒதுக்கிய இடங்களில் புதியவருக்குக் கிடைத்த உதவியும் சுருங்கியிருக்கிறது.

1950களிலும் 60களிலும் நிரலைத் துளை அட்டைகளில் பதித்து, கட்டாக அடுக்கி, இயந்திரத்தை இயக்குபவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை அச்சுத்தாளாகத் திரும்பச் சில மணி நேரம் ஆகும்; நெரிசலான கூடங்களில் மறுநாள் ஆகிவிடும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் ஒரு நாள் போயிற்று. ஃபோர்ட்ரான் மொழியில் கட்டளை ஏழாவது கட்டத்தில் தொடங்க வேண்டும். ஆறாவது கட்டத்தில் ஓர் எழுத்து விழுந்துவிட்டால் இயந்திரம் அதை முந்தைய வரியின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். 72ஆம் கட்டத்தைத் தாண்டியதைக் கண்டுகொள்ளாது. புதியவர் தன் கணக்கில்தான் தவறு என்று நினைத்துச் சூத்திரத்தையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் காத்திருப்பவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கட்டம் தள்ளி அடித்திருப்பதைச் சொல்லிவிடுவார். காத்திருப்பு நீண்டதாக இருந்ததால் பேச்சும் நீண்டது. அந்தப் பேச்சில் அட்டைக் கட்டுகள் கைமாறின. ஐ.பி.எம். 704 கணிப்பொறியைப் பயன்படுத்தியவர்கள் 1955இல் அமைத்த ஷேர் என்ற கூட்டமைப்பு நிரல்களைப் பகிரும் பழக்கத்துக்கு நிறுவன வடிவம் கொடுத்தது. ஆனால் அது கைதேர்ந்தவர்களின் மன்றம். புதியவரின் கதை கூடத்தின் காத்திருப்பு அறையில்தான் நடந்தது.

அந்த அறையைப் பற்றிய மிகச் சிறந்த சாட்சியம் ஜெரால்ட் வைன்பெர்க் 1971இல் வெளியிட்ட ‘தி சைக்காலஜி ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலில் இருக்கிறது. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி மையத்தில் மாணவர்கள் கூடும் பொது அறை இருந்தது. அதன் ஒரு மூலையில், காசு போட்டால் தின்பண்டமும் பானமும் தரும் இயந்திரங்கள் நின்றன. அருகிலேயே மாணவர்களின் ஐயங்களைத் தீர்க்க ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். இயந்திரங்களைச் சுற்றி நிற்பவர்களின் சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்தது. நிர்வாகம் இயந்திரங்களைத் தொலைவான இடத்துக்கு மாற்றியது. விரைவிலேயே வேறொரு புகார் வந்தது: ஆலோசகர்கள் போதவில்லை, வரிசை நீள்கிறது. ஏன் என்று பார்த்தபோது விஷயம் விளங்கியது. அந்த இயந்திரங்களைச் சுற்றி நடந்தது வெறும் இரைச்சல் அல்ல. ஒரே பயிற்சிக் கணக்கைச் செய்துகொண்டிருந்த மாணவர்கள் ஒரே மாதிரியான பிழைகளில் சிக்கி, அவற்றை நின்றபடியே தமக்குள் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தீராதவை மட்டுமே ஆலோசகரின் மேசைக்கு வந்தன. பேச்சு கலைந்ததும் எல்லாமே மேசைக்கு வந்தன. இது ஒரேயொரு நிகழ்ச்சிதான், அளந்து செய்த ஆய்வு அல்ல என்பது உண்மை. ஆனாலும் அரட்டையை அகற்றினால் என்ன ஆகும் என்பதை, யாரும் திட்டமிடாமலேயே நடந்த ஒரு சோதனையாக அது காட்டிவிடுகிறது. ஒருங்கிணைந்த உதவி மையம் என்று இன்று எதை அமைப்பவரும் படித்தாக வேண்டிய பக்கங்கள் அவை.

அரட்டையும் உதவியும் கணிப்பொறித் திரைக்குள் முதன்முதலில் முழு அளவில் குடியேறியது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் தலைமையில் உருவான பிளேட்டோ என்ற கற்பித்தல் அமைப்பில். 1970களின் நடுவில் ஏறத்தாழ ஆயிரம் முனையங்கள் ஒரே மைய அமைப்பில் இணைந்திருந்தன. பாடங்களை எழுதியவர்களில் பலர் தொழில்முறை நிரலாளர்கள் அல்லர். டியூட்டர் என்ற மொழியை அங்கேயே கற்றுக்கொண்டு எழுதிய ஆசிரியர்கள், மாணவர்கள். தொடக்கத்தில் குறைகளைத் தெரிவிக்க ஒரு பொதுக் கோப்பு மட்டும் இருந்தது. யார் எழுதியது என்று தெரியாது. எவரும் எதையும் அழித்துவிடலாம். இதற்கு மாற்றாக டேவிட் வுல்லி என்ற பதினேழு வயது இளைஞர் 1973இல் நோட்ஸ் என்ற நிரலை எழுதினார். ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவரின் அடையாளமும் நேரமும் தாமாகவே பதிந்தன. குறிப்புக்குக் கீழே மறுமொழிகள் வரிசையாகச் சேர்ந்தன. நோட்ஸ் மூன்று பகுதிகளோடு தொடங்கியது என்பது இங்கே கவனிக்க வேண்டியது: அமைப்பின் அறிவிப்புகள், உதவிக் குறிப்புகள், பொதுக் குறிப்புகள். உதவிக்கு ஒரு வாசல், பொதுப்பேச்சுக்கு ஒரு வாசல். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே திரையில், ஒரே ஆட்களோடு. அதே ஆண்டில் வந்த டாக்கோமேட்டிக் என்ற அரட்டை நிரலில் ஒரு தடத்தில் ஐந்து பேர் வரை பேசலாம். ஒருவர் விசையை அழுத்த அழுத்த எழுத்துகள் மற்றவர் திரையில் தோன்றின. இருவர் மட்டும் பேச வேறொரு வசதி இருந்தது: அழைப்பு வந்ததும் திரையின் அடியில் ஒரு செய்தி மின்னும், ஏற்றுக்கொண்டால் அந்த அடிவரியிலேயே உரையாடலாம். பின்னர் அதனோடு, பேசிக்கொண்டிருப்பவரின் திரையை அப்படியே பார்க்கும் ஏற்பாடும் சேர்ந்தது. பாடம் எழுதத் தடுமாறியவரின் திரையைப் பார்த்தபடி பிளேட்டோவின் ஆலோசகர்கள் வழிகாட்டினார்கள். அரட்டைக்காகச் செய்த கருவி சிறிய மாற்றத்தோடு கற்பிக்கும் கருவியாகிவிட்டது. இன்று திரைப்பகிர்வு என்று நாம் புதிதுபோலக் கொண்டாடுவதற்கு அரை நூற்றாண்டு வயதாகிறது.

அரட்டையும் உதவியும் இப்படி இணைவதற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. புதியவரிடம் இல்லாதது விடை மட்டும் அல்ல. சரியான கேள்வியும் இல்லை. பைத்தான் கற்கும் ஒருவர், நாற்பது மாணவர்களின் மதிப்பெண்களை வைத்துக்கொண்டு, சுழற்சிக்குள் ம1, ம2, ம3 என்று மாறிகளின் பெயர்களை எப்படி உருவாக்குவது என்று கேட்கிறார் என்று கொள்வோம். கேள்வி தெளிவானது, அதற்கு நேரான விடையும் இருக்கிறது, பைத்தானில் அப்படிச் செய்ய வழி உண்டு. ஆனால் அந்த விடையைப் பெற்றவர் தேவையில்லாத சிக்கலுக்குள் இன்னும் ஆழமாகப் போவார். அவருக்கு வேண்டியது ஒரு பட்டியல். பட்டியல் என்று ஒன்று இருப்பது தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. “இதை வெச்சு என்ன செய்யப் போறீங்க?” என்று ஒருவர் பேச்சுவாக்கில் கேட்கும்போதுதான் மதிப்பெண் விவரம் வெளியே வருகிறது, உண்மையான கேள்வி பிறக்கிறது. கேள்வியை வடித்துக்கொண்டு வந்தால்தான் விடை என்ற கண்டிப்பான முறை, கற்றவருக்கு மட்டுமே இருக்கும் திறமையைக் கல்லாதவரிடம் முன்பணமாகக் கேட்கிறது. எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001இல் எழுதிய, புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்ற புகழ்பெற்ற கையேட்டின் குறை இதுவே. அதில் சொல்லியிருப்பவை பெரும்பாலும் சரி. ஆனால் அவற்றைப் பின்பற்றக்கூடியவர் ஏற்கெனவே பாதி வழி கடந்தவர்.

நிரலாக்கத்துக்கு வெளியேயும் இதற்குச் சான்று இருக்கிறது. ஆய்வாளர் ஜூலியன் ஓர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு பழகி ஆராய்ந்து, 1996இல் அதைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அவர்களிடம் தடித்த கையேடுகள் இருந்தன. ஆனால் கையேட்டில் இல்லாத பழுதுகளைப் பற்றிய அறிவு, சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளில்தான் இருந்தது. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991இல் வெளியிட்ட நூல், தொழில் பழகுவோர் முதலில் ஓரத்தில் நின்று, மற்றவர் பேச்சையும் செயலையும் பார்த்துப் பார்த்து மெல்ல நடுவுக்கு வருவதைக் கற்றலின் இயல்பான வடிவமாக விளக்குகிறது. நிரலாளர் அரட்டை புதியவருக்குக் கொடுப்பது அந்த ஓரத்தைத்தான். 1975 மார்ச் 5ஆம் தேதி கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்ச் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கிய ஹோம்புரூ கணினிக் கழகம் பேச்சின் வழியே உதவி பெறுவதை ஓர் ஒழுங்காகவே வைத்திருந்தது. முதலில் யாருக்கு என்ன வேண்டும், யாரிடம் என்ன இருக்கிறது என்று கை உயர்த்திச் சொல்வார்கள்; பிறகு கூட்டம் கலைந்து அவரவர் தேடிய ஆளோடு பேசிக்கொள்வார்கள். 1988இல் ஃபின்லாந்தின் ஔலு நகரில் யார்க்கோ ஒய்க்காரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை முறை இதே ஓரத்தை உலகம் முழுவதற்கும் விரித்தது. அங்கே வாரக்கணக்கில் ஒரு வார்த்தையும் பேசாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பதும் ஏற்கப்பட்ட பழக்கம்.

அரட்டையை உதவியின் வழியாகக் கொள்வதற்கு மறுப்புகள் உண்டு. அரட்டை காற்றோடு போய்விடும், எழுதி வகைப்படுத்திய விடை நிற்கும் என்பது முதலாவது. இதில் நியாயம் இருக்கிறது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுக்கும் பழக்கமும், 2008இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளமும் இந்த நியாயத்தின் மேல் எழுந்தவை. கோடிக்கணக்கானோர் அதனால் பயன் பெற்றார்கள். ஆனால் பயன் பெற்றவர்களில் பெரும்பாலோர் தேடத் தெரிந்தவர்கள், அதாவது எதைத் தேட வேண்டும் என்று முன்பே அறிந்தவர்கள். அங்கே கேள்வியில் வரும் வணக்கத்தையும் நன்றியையும் நீக்குவது நடைமுறை. ஒரு நன்மதிப்புப் புள்ளியோடு நுழையும் புதியவர் கேள்வி கேட்கலாம். ஆனால் அரட்டை அறையில் பேச இருபது புள்ளிகள் தேவைப்பட்டன, மற்றவர் பதிவில் கருத்துச் சொல்ல ஐம்பது. பேச்சு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டது. புதியவர்களும் பெண்களும் அங்கே வரவேற்பில்லை என்று உணர்கிறார்கள் என்பதை 2018இல் நிறுவனமே வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டது. ஜெராக்ஸ் இதைவிட நல்ல வழியைக் காட்டியது. பழுதுபார்ப்பவர்கள் பேசிக்கொண்ட நுணுக்கங்களை அவர்களே எழுதி, சக பணியாளர்களே சரிபார்த்து, எழுதியவர் பெயரோடு சேமிக்கும் யுரேகா என்ற அமைப்பு உருவானது. பேச்சிலிருந்து எழுத்து பிறந்தது. எழுத்து வந்ததற்காகப் பேச்சை யாரும் நிறுத்தவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அரட்டை ஒரு கூட்டத்தை உருவாக்கும். கூட்டம் வெளியாளை ஒதுக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாதிரி ரயில் சங்கம் 1946இல் தொடங்கியது. 1950களின் இறுதியில் அதன் உறுப்பினர்கள் கணிப்பொறியைக் கைப்பற்றி ஒரு புதிய பண்பாட்டையே படைத்தார்கள். அவர்களுக்கென்று தனிச் சொற்கள் இருந்தன. பீட்டர் சாம்சன் 1959இல் அவற்றை ஓர் அகராதியாகவே தொகுத்தார். ஸ்டீவன் லெவியின் ‘ஹேக்கர்ஸ்’ நூல் காட்டும் அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட முழுக்க ஆண்களின் கூட்டம். சொல் தெரியாதவருக்கு அங்கே மரியாதை குறைவு. இந்தக் கேடு உண்மையானது, இன்றும் தொடர்வது. ஆனால் இது பேசும் விதத்தின் கேடு. பேச்சை நிறுத்துவதால் போகாது. நியூயார்க்கில் 2011இல் ஹேக்கர் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, இப்போது ரிகர்ஸ் சென்டர் எனப்படும் அமைப்பு சில எளிய விதிகளை வகுத்தது. ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை என்றால் “இதுகூடத் தெரியாதா?” என்று வியந்து காட்டக் கூடாது. பேச்சின் மையத்துக்குத் தேவையில்லாத சில்லறைத் திருத்தங்களைச் சொல்லி மடக்கக் கூடாது. இருவர் பேசுவதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு நடுவே புகுந்து அறிவுரை வீசக் கூடாது. மறைமுகமாகவும் இன, பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது. விதிகள் சிறியவை. ஆனால் புதியவர் வாய் திறப்பாரா, மூடிக்கொள்வாரா என்பது முதல் விதியிலேயே முடிவாகிவிடுகிறது.

அனுபவமுள்ளவர்கள் களைத்துப்போவார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களின் வலையமைப்பில் ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிகளின் புது மாணவர்கள் திரண்டு வந்து ஏற்கெனவே கேட்ட கேள்விகளையே கேட்பார்கள். சில வாரங்களில் வழக்கம் பிடிபட்டுவிடும். 1993-94இல் வணிக இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு வாசலைத் திறந்தபோது அந்த ஓட்டம் நிற்கவேயில்லை. முடியாத செப்டம்பர் என்று அதற்குப் பெயர் விழுந்தது. பழையவர்கள் பலர் சலித்து விலகினார்கள். ஆனால் கேட்பவர் எல்லாம் புதியவர், சொல்பவர் எல்லாம் மூத்தவர் என்ற இரண்டு அடுக்கு ஏற்பாட்டில்தான் இந்தச் சலிப்பு வேகமாக முற்றும். அரட்டை உயிரோடிருக்கும் இடத்தில், போன மாதம் அதே பிழையில் திணறியவர் இந்த மாதம் வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வைன்பெர்கின் மாணவர்கள் செய்ததும் அதைத்தான். எந்த இடத்தில் இடறினோம் என்ற நினைவு மூத்தவரைவிட அண்மையில் கற்றவரிடமே பசுமையாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் பேசியபடியே உதவும் இந்த மரபைச் சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் நடத்திய மாதாந்தரச் சந்திப்புகள் வளர்த்தன. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றியும் நிரலாக்கம் பற்றியும் தமிழிலேயே எழுதிவருகிறது. இதற்கிடையே, 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் புதியவர்களின் கேள்விகளில் பெரும்பங்கு செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் போகிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு வரும் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இருந்தாலும் டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் இயங்கும் குழுக்களில் உதவியும் அரட்டையும் தொடர்கின்றன.