யாருக்கும் வேண்டாத திராட்சை: மஸ்கடே வைனின் கதை

மஸ்கடே என்றதும் கஸ்தூரி மணமோ மஸ்கட் திராட்சையோ நினைவுக்கு வரலாம். ரெண்டுக்கும் இதில் இடமில்லை. பிரான்ஸின் மேற்கு ஓரத்தில், லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் முன் நாந்த் நகரைத் தாண்டிப் போகிறதே, அந்தப் பகுதியின் வெள்ளை வைன் இது. இனிப்பே கிடையாது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், நாக்கில் லேசாக ஒரு உப்பு, அவ்வளவுதான். "சப்பென்று இருக்கு" என்பதுதான் இதன்மேல் சொல்லப்படும் பழைய குற்றச்சாட்டு. ஆனால் அந்தச் சப்பைத்தான் ஒரு காலத்தில் காசு கொடுத்துக் கேட்டு வாங்கினார்கள்.

கேட்டவர்கள் டச்சு வணிகர்கள். 17-ம் நூற்றாண்டில் நாந்த் துறைமுகத்தில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. அவர்களுக்கு வேண்டியது காய்ச்சி வடிக்கத் தோதான, புளிப்பான, மணம் குறைந்த, விலை மலிவான வெள்ளை வைன். வடித்தால் அளவு சுருங்கும், கப்பலில் இடம் மிச்சம், நீண்ட பயணத்திலும் கெடாது. வடித்ததற்கு டச்சில் பிராண்டவைன் என்று பெயர், அதாவது எரித்த வைன். நம்மூர் டாஸ்மாக் பாட்டிலில் ஒட்டியிருக்கும் 'பிராந்தி' அதன் பேரப்பிள்ளை.

இன்னொரு காரணம் சுங்கம். ஆற்றின் மேல்பக்கம் ஆஞ்சு மாகாணம், கீழ்ப்பக்கம் பிரிட்டனி. நடுவில் ஆங்கிராந்த் என்ற ஊரில் சுங்கச்சாவடி. மேலிருந்து வரும் வைனுக்கு அங்கே வரி. நாந்த் பக்கம் விளைந்ததற்கு அந்தத் தொல்லை இல்லை. மலிவுச் சரக்குக்கு வேறென்ன வேணும்?

அப்புறம் 1709. ஜனவரி 5-ம் தேதி இரவு இறங்கிய குளிர் பிரான்ஸையே உறைய வைத்தது. ஆறுகள் கெட்டியாயின, கொடும் பஞ்சம் வந்தது. நாந்த் பக்கத்துத் திராட்சைக் கொடிகளும் பெருமளவில் பட்டுப்போயின. மறுபடி நட்டபோது முன்னால் வந்தது மெலோன் த பூர்கோன். குளிரைத் தாங்கும், சீக்கிரம் பழுக்கும். சொந்த ஊரான பர்கண்டியில் மதிப்பில்லாமல் ஒதுக்கப்பட்ட ரகம்.

பதினான்காம் லூயி ஆணையிட்டுத்தான் நட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாங்குகிறவன் வாசலில் நிற்கும்போது விவசாயிக்கு ராஜா எதுக்கு? குளிர் நிலத்தைக் காலி செய்து கொடுத்தது, சந்தை ஏற்கனவே தயாராக இருந்தது.

ஒதுக்கப்பட்ட மெலோனின் பூர்வீகம் 1999-ல் டிஎன்ஏ ஆய்வில் தெரிந்தது. பினோ, குவே பிளாங் ரெண்டும் கலந்து பிறந்தது. உலகமே கொண்டாடும் ஷார்டொனேவும் அதே பெற்றோரின் பிள்ளை! கூடப்பிறந்தவர்களில் ஒருவர் பர்கண்டியில் ராஜா, மற்றவர் நாந்தில் குடியேறி.

பிராந்தி வியாபாரம் ஓய்ந்த பிறகும் கொடி நின்றது. சப்பென்ற வைனைத் தேற்ற உள்ளூர்க்காரர்கள் கண்ட வழி எளிமையானது: புளித்து முடிந்ததும் ஈஸ்ட் மண்டியை வடிகட்டாமல், அதன் மேலேயே குளிர்காலம் முழுக்க வைனை விட்டுவிடுவது. பெயரே 'சுர் லீ', மண்டியின் மேல். செத்த ஈஸ்ட் கரைந்து வைனுக்குக் கொஞ்சம் கனம் தரும். மிச்சமிருக்கும் கரியமில வாயு நாக்கில் சுருக்கென்று குத்தும். சிப்பிக்கும் மட்டிக்கும் இது பொருந்துவதன் ரகசியம் புளிப்பும் உப்பும்தான். எலுமிச்சை பிழிகிற வேலையை வைனே செய்துவிடும். சுட்ட மத்தி மீனுக்கும் அப்படியே. நாந்த் பக்கத்தின் பேர்போன வெண்ணெய்க் குழம்பான பேர் பிளாங்கிலும் இதையே ஊற்றுகிறார்கள்.

செவ்ர் எ மேன் பகுதிக்கு 1936-ல் சட்டப்படி தனிப் பெயர் கிடைத்தது. 2011-ல் கிளிசோன், கோர்ஜ், லெ பாலே என்ற மூன்று ஊர்களுக்குத் தனி அங்கீகாரம். அங்கெல்லாம் ஒரு குளிர்காலம் போதாது, ஒன்றரை இரண்டு வருஷம் மண்டியின் மேலேயே வைக்கிறார்கள். வடித்து விற்க நட்ட கொடியின் வைனுக்கு இப்போது அத்தனை பொறுமை.