வழித்தீனி: திண்டுக்கல் சமவெளியில் குதிரை காத்த கலை

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வழியாக அரவக்குறிச்சிக்கும் கரூருக்கும் செல்லும் சமவெளி, மதுரை நாட்டையும் கொங்கு நாட்டையும் இணைக்கும் வழித்தடமாகையால், திண்டுக்கல் கோட்டைக்காகப் போரிட்ட பல படைகள் தம் குதிரைகளோடு இதைக் கடந்தன. அவற்றின் வரலாறு முற்றுகைகளின் வரலாறாகவும் உடன்படிக்கைகளின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது; பகல் முழுதும் நடந்த குதிரையை அந்தியில் அறியாத ஊரில் கட்டியபோது, அதைத் தின்னவும் குடிக்கவும் வைத்தவர்களின் வேலைக்கு அதில் மிகக் குறைந்த இடமே கிடைத்திருக்கிறது. தீனி எடுக்காத குதிரை மறுநாள் நடக்காது என்பதால், படையின் வலிமை பாதியளவு இவ்வேலையையே சார்ந்திருந்தது.

மந்தையாக வாழும் இயல்புடைய குதிரை, பழகிய துணையைப் பிரிந்து புது இடத்துக்கு வந்தால், தலையைத் தாழ்த்தி மேயவும் தயங்கும். மணம் மாறிய தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நெடுந்தொலைவு நடந்த குதிரைக்கு வேறோர் இடரும் உண்டு. அதன் வியர்வையோடு உப்பும் மிகுதியாக வெளியேறிவிடுவதால், உடலில் நீர் வற்றிய பின்னும் குருதியின் உப்புச்செறிவு போதிய அளவு உயராமல் தாகம் மழுங்கிப்போகிறது. இரைப்பை சிறியதாகவும் வாந்தியெடுக்க இயலாததாகவும் அமைந்த உடலில், தீனியும் நீரும் தடைப்பட்டால் குடலியக்கம் தளர்ந்து, உயிரைக் கொள்ளும் வயிற்றுநோவு உண்டாகக்கூடும்.

தமிழகத்தில் இச்சிக்கல் கடற்கரையிலேயே தொடங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வாங்கப்பட்டதையும், அவற்றுள் மிகப் பல ஆண்டு முடிவதற்குள் மடிந்ததையும் குறித்து, பராமரிக்கத் தெரியாமையைக் காரணமாகக் காட்டுகிறார். இறைச்சியோடு சேர்த்துச் சமைத்த சோறு குதிரைக்குக் கொடுக்கப்பட்டது அவருக்கு வியப்பாக இருந்தது. சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வந்திறங்கிய குதிரைகளை 40 நாள் கயிறும் முளையும் கொண்டு கட்டிப்போட்டு, வறுத்த பார்லியையும் வெண்ணெய் கலந்த தானியத்தையும் காய்ச்சிய பசும்பாலையும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்கள் என்கிறார்.

இவ்விருவர் கூற்றையும் அப்படியே தீர்ப்பாக ஏற்பது பொருந்தாது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் குதிரைக்குரிய படியளவில் வேகவைத்த பயற்றோடு எண்ணெய், உப்பு, இறைச்சி, தயிர் ஆகியவற்றையும் சேர்க்கிறது. தீனிக்குச் சுவையூட்ட மதுவையோ பாலையோ தரச் சொல்வதோடு, நெடுவழி நடந்து களைத்த குதிரைக்கு அப்பானத்தைத் தனியே தரவும் விதிக்கிறது. சமைத்த தீனி அறியாமையின் விளைவு அன்று என்பதற்கும், களைத்த குதிரையைச் சுவை காட்டித்தான் தின்னவைக்க வேண்டும் என்று நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது என்பதற்கும் இதுவே சான்று. கடற்பயணம், ஈரவெப்பம், பழகாத தானியம் ஆகிய மூன்றும் ஒருசேரத் தாக்கிய குதிரைகளின் சாவை உள்ளூர்க் குதிரைக்காரர் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. வழியிலேயே இறந்தவையும் பல: கடலில் மாண்ட குதிரையின் வாலைக் கொண்டுவந்தாலும் விஜயநகர மன்னர் சாளுவ நரசிம்மர் முழு விலை கொடுத்தார் என்று 16ஆம் நூற்றாண்டில் நூனிஸ் என்னும் போர்த்துக்கீசிய வணிகர் எழுதியிருக்கிறார்.

திண்டுக்கல்லில் குதிரைப்படை பெருகியது மைசூர் ஆட்சியில். 1755இல் இங்குப் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரமுள்ள ஆளுநராக, அமர்ந்த ஹைதர் அலி தம் பிற்காலப் பெரும்படைக்கு இங்கிருந்தே அடித்தளமிட்டார். மைசூர்ப் படையில் அரசின் குதிரையை ஓட்டியவரோடு, சொந்தக் குதிரையுடன் சேர்ந்த சிலேதார்களும் இருந்தனர். குதிரை இறந்தால் சிலேதாரின் பிழைப்பே போய்விடும் என்பதால், வழியில் அது எத்தனை வாய் தின்றது என்பது அவருக்கு உயிர்நிலைக் கணக்காக இருந்தது. 1783இல் கர்னல் லாங்கின் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, கரூரையும் அரவக்குறிச்சியையும் பிடித்துத் திண்டுக்கல்லை அடைந்தது. அடுத்த ஆண்டு கோட்டை ஹைதரின் மகன் திப்புவிடம் திரும்பி, 1790இல் மீண்டும் விழுந்து, 1792 உடன்படிக்கையால் கும்பினிக்கு உரியதாயிற்று.

ஆட்சி மாறியும் தீனி மாறவில்லை. வட இந்தியப் படைகள் கொண்டைக்கடலையை ஊறவைத்துக் கொடுக்க, சென்னை மாகாணத்தில் குதிரையின் தானியம் கொள்ளாகவே, மதுரைப் பக்கத்து வழக்கில் காணமாகவே, இருந்தது. வேடசந்தூர் வட்டாரத்தின் மானாவாரிச் செம்மண்ணில் குறைந்த மழையிலும் விளையும் பயறு அது. அதைக் கல் நீக்கி ஊறவைத்து, நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, ஆறவிட்டு, உப்பிட்டுப் பிசைந்து வைப்பார்கள். பச்சைக் கொள்ளில் உள்ள, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் வேகும்போது பெரிதும் குறைகிறது. வெந்த பயறு தன்னுள் வாங்கிய நீர், குளத்து நீரைத் தொட மறுக்கும் குதிரையின் உடலுக்குள்ளும் தீனி வழியே சேர்கிறது. உப்போ வியர்வையில் இழந்ததை ஈடுசெய்து, மழுங்கிய தாகத்தை எழுப்புகிறது.

கொள்ளுக்கு இணையான இடம் அருகம்புல்லுக்கு உண்டு. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும் புல் கொண்டுவர ஒருவரும் இருப்பது கும்பினிப் படையின் வழக்கமாதலால், பாளையம் இறங்கியதும் புல் செதுக்குவோர், அவர்களுள் பெண்களும் உண்டு, சிறு களைக்கொட்டோடு வரப்புகளுக்குச் சென்று, அருகை வேரோடு பெயர்த்து, மண் உதிரத் தட்டி, நீரில் அலசிக் கட்டாகக் கொண்டுவந்தனர். ஊர்தோறும் தண்ணீர் மாறினாலும் அருகின் சுவை பெரிதும் மாறுவதில்லை. தானியத்தைத் தொடாத குதிரையும் ஈரப்புல்லைக் கடிக்கும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் குடகனாறு போன்ற ஆறுகளின் கரையில், மணலில் ஊற்றுத் தோண்டி நீர் இறைத்துக் கொடுப்பதும் இவர்களுக்குரிய வேலையே.

இன்று 160 கிலோமீட்டர் வரை ஓடும் பன்னாட்டு நெடுந்தொலைவுக் குதிரைப் போட்டிகளில், இடைநிலையங்களில் கால்நடை மருத்துவர் குதிரையின் வயிற்றில் கருவியை வைத்துக் குடலோசையைக் கேட்டும் நீரிழப்பைச் சோதித்தும்தான் மேலே ஓட அனுமதிக்கிறார். நனைத்த தீனி, உப்பு, பழகிய ஆள், துணைக்குதிரை என அங்குப் பரிந்துரைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மேலே கண்ட பழைய முறைகளோடு ஒத்துப்போகின்றன. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் கத்தியவார், மார்வார் குதிரைகள் இன்றும் தொலைவிலிருந்து வருகின்றன. அவற்றோடு வருபவர்களும், திண்டுக்கல், பழநிப் பக்கங்களில் ஜட்கா என்னும் குதிரைவண்டி ஓட்டிய முதியவர்களும் இத்தொழிலறிவின் எஞ்சிய சாட்சிகள். மார்க்கோ போலோவின் குறைகூறல் அச்சில் நிலைபெற்றுவிட்ட நிலையில், இவர்கள் அறிந்ததையும் வட்டார வரலாற்றாய்வாளர்கள் காலம் தாழ்த்தாமல் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.