வூ டிங் மன்னனின் சேனாபதி

மண்சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கைதிகளின் நடுவிலிருந்து, கனவில் கண்ட முகத்துக்குரியவனான ஃபூ யுவேயைத் தேடிப் பிடித்து பண்டைச் சீனத்தின் வூ டிங் மன்னன் மந்திரியாக்கிக்கொண்ட விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் கண்டோம். இந்த வாரம் குய்ஃபாங் மக்கள்மீது அவன் தொடுத்த மூன்றாண்டு யுத்தத்தை வர்ணிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அவன் தலைநகரான யின் நகரத்து எலும்புச் சாசனங்களுக்குள் புகுந்த என்னை, அம்மன்னனின் பத்தினியருள் ஒருத்தியான ஃபூ ஹாவ் வழிமறித்துக்கொண்டாள்.

சூமா சியென் என்னும் சரித்திர மேதையே அறியாத பெண்மணி இவள். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவளை நமக்குக் காப்பாற்றித் தந்தது மன்னனின் சகுனப் பித்துதான். பல்வலி வந்தால்கூட, எந்த மூதாதையின் கோபம் இது என்று ஆமையோட்டையும் மாட்டெலும்பையும் சூடுகாட்டி, விழுந்த வெடிப்பைப் பார்த்துப் பலன் கேட்டவன் அவன். அப்படிக் கேட்ட கேள்விகளை எலும்பிலேயே பொறித்தும் வைத்தார்கள். 13,000 பேர் கொண்ட படை ஃபூ ஹாவின் பெயரோடு ஒன்றில் வருகிறது; பா நாட்டாரை மன்னன் கிழக்கிலிருந்து தாக்கினால், அவள் காத்திருக்கும் இடத்தில் அவர்கள் வந்து அகப்படுவார்களா என்று இன்னொன்று கேட்கிறது.

1976-இல் ஆன்யாங் அருகே, ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் ஆராய்ச்சியாளரின் தலைமையில், கொள்ளையர் கைபடாத அவளது சமாதி திறக்கப்பட்டது. நானூற்றுக்கு மேற்பட்ட வெண்கலப் பொருள்கள், ஆயிரக்கணக்கான சோழிகள், ஏறக்குறைய 9 கிலோ எடையுள்ள போர்க்கோடரி, இவற்றோடு அவளுக்குத் துணையாகக் கொன்று புதைக்கப்பட்ட மனிதர்களின் எலும்புகளும் கிடைத்தன. வீராங்கனையை வியக்கும் நாம் அந்த எலும்புகளை மறந்துவிடலாகாது.

வூ டிங்கை உத்தம அரசன் என்று சீன மரபு கொண்டாடுகிறது. எனக்கு அதில் பூரண சம்மதமில்லை. தன் சேனையை ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கத் தயங்காத அவனுடைய அரண்மனையில்தான், அதே பெண்ணின் பிரசவத்துக்கு நாள் குறித்துப் பலன் பார்த்து, அந்த நாள் தவறிக் குழந்தை பிறந்ததும், நன்மையில்லை, பிறந்தது பெண் என்று பொறித்து வைத்தார்கள்.

அவள் அவனுக்கு முன்பே மாண்டாள். பழைய அரசர்களுள் எவர் அவளை மறுவுலகில் மனைவியாக ஏற்றார் என்றுகூட அவன் எலும்புகளைக் கேட்டிருக்கிறான்; ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆண்டதாக மரபு சொல்லும் அவ்வரசனின் கேள்விகளுள் என் மனம் இரங்கியது இது ஒன்றுக்குத்தான். குய்ஃபாங் யுத்தத்துக்கு வாசகர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்தருள வேண்டும்.